சுவருக்கு இந்தப் பக்கம்

காலை எட்டு மணிக்கு நான் எழுந்திருக்கும் நாற்காலியில் எட்டு ஐந்துக்கு அவள் உட்காருவாள். மூன்று வருடமாக எங்களுக்குள் இருந்த பழக்கம் இவ்வளவுதான். மருத்துவமனையின் ஆவண அறையில் ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே கணினி. இரவில் விபத்து என்று யாராவது வந்தால் பழைய கோப்பைத் தேடி எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அது நான். பகலில் வரும் கூட்டத்துக்கு எடுத்துக் கொடுப்பது அவள். வார்டுக்காரர்கள் எங்களை ராத்திரி, பகல் என்றே கூப்பிட்டார்கள். "ராத்திரி போயாச்சா?" என்று காலையில் யாராவது ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்டால், கேட்பது என்னைப் பற்றி என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் விரித்து, மூலைகள் சுருளாமல் இருக்க அதன்மேல் என் தண்ணீர் பாட்டிலையே வைத்தாள்.

"அண்ணா, ஓடிடாதீங்க. பத்தே நிமிஷம். விருப்பப் பாடம் மூணை வரிசையா எழுதணும். வர்ற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளி கடைசி நாள்."

இயற்பியல் பட்டதாரிகளுக்கான முதுநிலைப் பட்டயப் படிப்பு. ஓராண்டு. அதே தாளை, இதைவிட மட்டமான அச்சில், நானும் ஒரு காலத்தில் நிரப்பியிருக்கிறேன். முதல் விருப்பமாக நான் எழுதிய கதிர்வீச்சு இயற்பியல்தான் எனக்குக் கிடைத்தது. மூன்று மாதம் போனேன். பிறகு போகவில்லை. காரணம் கேட்பவர்களிடம் அப்பாவின் உடம்பைச் சொல்வேன். அப்பா அப்போது நன்றாகத்தான் இருந்தார்.

"என்னென்ன இருக்கு, படி."

"கதிர்வீச்சு இயற்பியல். கருவியியல், அது சாயங்கால வகுப்பு. வானியற்பியல், அது தபால் வழி. அப்புறம் வெற்றிடத் தொழில்நுட்பம்னு ஒண்ணு புதுசா போட்டிருக்காங்க."

"எடுத்துக்கயேன்."

"ஒண்ணுமே இல்லாததைப் பத்தி ஒரு வருஷம் படிக்கணுமா? எங்கம்மா ஏற்கெனவே ஒப்பாரி. டிகிரி முடிச்சவ எதுக்குடி டிப்ளமோவுக்குப் போறே, மாடி ஏறினவ மறுபடி வாசப்படியில வந்து உக்காருவாளான்னு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. போன வருடம் பொது ஒதுக்கீட்டில் எழுதி, இடம் கிடைக்கவில்லை. ஓர் இடத்துக்கு நாற்பது பேர். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த முறை மருத்துவமனையே பரிந்துரைக்கும் ஓர் இடம் இருந்தது. மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்திட்டால் நேரே நேர்முகத் தேர்வு. அவர் மூன்று மருத்துவமனைகளுக்குப் பொது. எங்களுக்குப் புதன்கிழமை. அதனால் புதன் சார். புதன் சார் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த அறையில் உட்கார்ந்து பிறர் நோயின் பெயர்களை அடுக்கிக்கொண்டிருக்கும் பெண், அடுத்த வருடம் அளவுக்கருவியோடு அதே கட்டடத்துக்குள் அதிகாரியாக நடந்து வரலாம். எல்லாம் ஒரு கையெழுத்தில் இருந்தது.

"முதல் விருப்பம் கதிர்வீச்சு. மத்த ரெண்டையும் எப்படி வேணா போடு, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றேன்.

"சரி, நேர்முகத்துல என்ன கேப்பாங்க? நீங்க ஒரு தடவை கேளுங்க. முகத்தை மட்டும் இப்படித் தூக்கத்துல வச்சுக்காதீங்க, எனக்குச் சிரிப்பு வரும்."

உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே இருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தேன். அலைநீளம் கேட்டேன், அரை ஆயுள் கேட்டேன், தூரம் இரட்டிப்பானால் அளவு எவ்வளவு குறையும் என்று கேட்டேன். டக் டக்கென்று சொன்னாள். பத்து நிமிடம் அரை மணியானது. நடுவே ஒரு பதிலில், சொல் பாதியில் இருக்கும்போதே நிறுத்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோள்கள் பின்னால் போயின, தாடை சற்று உயர்ந்தது. கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, ஆனால் அவற்றில் யாரும் இல்லை. இரண்டு, மூன்று விநாடி. பிறகு விட்ட சொல்லின் மறுபாதியிலிருந்து தொடர்ந்தாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அதே மாதிரி. இந்த முறை எனக்கும் கேட்டது. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவருக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுவது மாதிரி ஓர் ஆண் குரல். "மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க." ஒரு சின்ன 'டிக்'. "விடலாம்."

அந்தப் பக்கம் எக்ஸ்ரே அறை. எட்டரைக்குத் திறப்பார்கள். நான் அதற்குள் பேருந்தில் இருப்பேன் என்பதால் அந்தக் குரலை இந்த நாற்காலியின் பக்கத்தில் இருந்து நான் கேட்டதே இல்லை. இரவில் அவசரம் என்றால் சக்கரம் வைத்த சின்ன இயந்திரத்தைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

"நீ மூச்சைப் பிடிக்கிறே" என்றேன்.

"யாரு, நானா?"

"அவர் சொல்லும்போதெல்லாம்."

"போங்கண்ணா, பயமுறுத்தாதீங்க" என்றாள். அடுத்த முறை குரல் கேட்டபோது வேண்டுமென்றே வாயைத் திறந்து ஊதிக் காட்டினாள். அதற்கடுத்த முறை மறந்துபோய், சிலை மாதிரி நிமிர்ந்தாள்.

நான் அடுத்த கேள்விக்குப் போனேன். "கண்ட்ரோல் பேட்ஜ்னா என்ன?"

"கதிர்வீச்சோட வேலை செய்றவங்க எல்லாம் சட்டையில பேட்ஜ் குத்திக்குவாங்க. அது எவ்வளவு வாங்குதுன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆய்வகத்துல படிச்சுச் சொல்வாங்க. ஆனா மண்ணுலயும் செங்கல்லயும் வானத்துலயும் இருந்து எல்லாருக்குமே கொஞ்சம் வருதில்ல? அதைக் கழிக்கணும். அதுக்காக ஒரு பேட்ஜை யாரும் போட்டுக்காம, கதிர்வீச்சே இல்லாத இடத்துல மாட்டி வைப்பாங்க. அது கண்ட்ரோல். மத்ததுல இருந்து அதைக் கழிச்சா வேலையில வாங்கினது எவ்வளவுன்னு கிடைக்கும்."

"நம்ம ஆஸ்பத்திரியில எங்க மாட்டியிருக்கு?"

கட்டைவிரலால் பின்னால் காட்டினாள். அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, சுவரில் ஓர் ஆணி. ஆணியில் நீலப் பேட்ஜ். மூன்று வருடமாக அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

"இந்தப் பதிவேட்டையும் நான்தான் எழுதுறேன் தெரியுமா? இந்த ஒரு வருஷமா எல்லாருக்கும் பூஜ்யம். புதன் சாருக்கு மேலிடத்துல இருந்து பாராட்டுக் கடிதமே வந்துச்சு. சட்டம் போட்டு மாட்டியிருக்காரு."

அலமாரியிலிருந்து ஆய்வகத்து அறிக்கைகளை எடுத்துக் காட்டினாள். எக்ஸ்ரேக்காரருக்குப் பூஜ்யம். அவருடைய உதவியாளருக்குப் பூஜ்யம். எலும்பு அறுவை செய்யும் டாக்டருக்கும் பூஜ்யம். அதற்கு முந்தைய வருடத்தைப் புரட்டினேன். அங்கே எல்லோருக்கும் சின்னச் சின்ன எண்கள் இருந்தன, இருக்கவேண்டிய மாதிரி. முதல் பக்கத்தில்தான் முடிவு. அதை மட்டும்தான் பதிவேட்டில் எழுதவேண்டும். பின்பக்கத்தில் கழிப்பதற்கு முந்தைய எண்கள் இருக்கும். அதை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். நான் திருப்பினேன்.

கடைசி வரியில் இருந்த கண்ட்ரோல், மற்ற எல்லோரையும்விட அதிகமாக வாங்கியிருந்தது.

கழித்தால் மிஞ்சுவது பூஜ்யத்துக்கும் கீழே. பூஜ்யத்துக்குக் கீழே ஆய்வகம் அச்சடிக்காது. அதனால் பூஜ்யம். அந்தக் கட்டடத்தில் கதிர்வீச்சோடு வேலை செய்யும் அத்தனை பேரையும்விட அதிகமாக வாங்கிக்கொண்டிருந்தது, கதிர்வீச்சே இல்லாத இடம் என்று தேர்ந்தெடுத்த இடத்தில் தொங்கிய, யாரும் அணியாத ஒரு பேட்ஜ். அதற்கு ஒரு சாண் கீழே அவள் விண்ணப்பத்தில் தன் பெயரைக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா, பேயைப் பார்த்த மாதிரி?"

"தூக்கம்" என்றேன்.

வீட்டுக்குப் போகவில்லை. எக்ஸ்ரே அறைக்குப் போனேன். நெஞ்சுப் படம் எடுக்கும் தகடு, நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெளிச்சுவரில் இருந்தது. தடித்த சுவர், ஈயத் தகடு அடித்தது. இப்போது எதிரே, எங்கள் அறையை ஒட்டிய சுவரில் இருந்தது. ஆட்கள் அதில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். இயந்திரம் அவர்கள் முதுகைக் குறிபார்க்கும். அவர்களையும் தகட்டையும் தாண்டி மிஞ்சும் கதிர் நேரே எங்கள் அறைக்கு.

"இதை எப்ப இங்க மாத்தினீங்க?" என்று எக்ஸ்ரேக்காரரிடம் கேட்டேன்.

"புது மெஷின் வந்தப்ப. அந்தப் பக்கம் வரைக்கும் அது நகர்ற தண்டவாளம் பத்தல. கம்பெனிக்காரங்க இங்க அடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஈயம் வேணாமான்னு நான் கேட்டேன்பா. பக்கத்துல என்ன இருக்குன்னாங்க. ரெக்கார்ட் ரூம்னேன். பேப்பருக்கு என்ன ஆகப்போகுதுன்னு சிரிச்சாங்க." அவரும் சிரித்தார். "ஏன், குரல் ரொம்பக் கேக்குதா? பகல் ஏதாவது சொல்லிச்சா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அவளிடம் ஓடிப்போய் நாற்காலியைத் தள்ளிப் போடு என்று சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. இருட்டறைக்குப் போனேன். மருத்துவமனை முழுக்கக் கணினிக்கு மாறியபின்னும் பல் பிரிவுக்கு மட்டும் இன்னும் ஃபிலிம் கழுவிக் கொடுக்கும் ஒருவர் அங்கே இருந்தார். அவரிடம் வெளிச்சம் புகாத தட்டையான ஒரு பழைய பெரிய ஃபிலிம் கேசட்டை, உள்ளே புது ஃபிலிம் போட்டுத் தரச் சொல்லி வாங்கினேன். அதைப் பழுப்புக் கோப்பு அட்டைக்குள் நுழைத்து, ஜன்னலுக்குக் கீழே, அவள் நாற்காலியையும் அதன் பின்னாலிருந்த சுவரையும் பார்த்த மாதிரி சாய்த்து வைத்தேன்.

"இது என்னண்ணா?"

"இருட்டறைக்காரரோடது. நகர்த்தாதே. அடுத்த புதன் எடுத்துக்கிட்டுப் போவாரு."

நிச்சயம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்பக்கத்து எண் அச்சுப் பிழையாக இருக்கலாம், பேட்ஜ் கெட்டிருக்கலாம், மூன்று மாதம் படித்துவிட்டு ஓடிப்போனவன் சொன்னால் யார் கேட்பார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. படம் எப்படி வரும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அந்த ஒரு வாரம் பகலில் தூங்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கணக்குப் போடுவேன். இப்போது பத்து மணி, பதினைந்தாவது ஆள் நிற்பான். இப்போது பன்னிரண்டு, முப்பது. ஒவ்வொரு தடவையும் அவள் நிமிர்வாள். எத்தனை தடவை நிமிர்ந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. இரவில் போய் உட்காரும்போது நாற்காலி ஆறிப்போய்த்தான் இருக்கும். ஆனாலும் முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும். இயந்திரம் அணைந்துவிட்டது, ஒன்றுமில்லை, அது எனக்கும் தெரியும். எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு கையில் ஒட்டியது. சுவர் சுவர் மாதிரிதான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இருட்டறைக்காரர் வந்தார். கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்பு விளக்கில் ஃபிலிமைத் தொட்டியில் அமிழ்த்தி ஆட்டினார். கறுக்க ஆரம்பித்தது. முதலில் தெளிவாக வந்தது ஆணி. வெள்ளையாக, கூர்மையாக. அதற்குக் கீழே பேட்ஜின் சதுரம், அதன் கிளிப்பின் சுருள்கம்பிகூடத் தெரிந்தது. பிறகு நாற்காலி. பிறகு அதில் உட்கார்ந்திருந்த ஆள்.

மங்கலான ஒரு கறை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வாரம் முழுக்க எழுந்தும் குனிந்தும் திரும்பியும் வேலை செய்கிற ஆள், முந்நூற்றுச் சொச்சம் தடவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல், எப்படித் தெளிவாக இருக்கும்? கைகள் இருந்த இடத்தில் அப்படித்தான் இருந்தது, வெறும் புகை. ஆனால் உடல் தெளிவாக இருந்தது. முதுகெலும்பு நேராக, கட்டை கட்டையாக. இரண்டு பக்கமும் விலா எலும்புகள், எண்ணலாம் போல. குரல் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவள் அதே இடத்தில், அதே உயரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தகட்டின் முன்னால் நின்ற நோயாளிகளைவிட ஒழுங்காக.

இருட்டறைக்காரர் ஃபிலிமைத் தூக்கிச் சொட்டவிட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்கே. யாருப்பா இது? பேஷண்ட் நம்பரே போடலயே."

எட்டு மணிக்கு அவளிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. படத்தில் கழுத்துக்கு மேலே ஒரு பட்டாம்பூச்சி, வெள்ளையாக.

"என் கிளிப்பு" என்றாள்.

சொன்னேன். பேட்ஜ், பின்பக்கத்து எண்கள், தகடு மாறிய கதை எல்லாம். அவள் படித்தவள். பாதியிலேயே புரிந்துவிட்டது. மீதியைக் கேட்காமல் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இதை எப்ப வச்சீங்க?"

"போன செவ்வாய்."

"போன செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

"சந்தேகம்தான் இருந்துச்சு. நிச்சயமாகணும்ல."

"அதுக்கு நான் உக்காரணும்."

நான் கேசட் இருந்த பழுப்பு அட்டையை மடித்தேன்.

"நாற்காலி வெறுமனே கிடந்தாலும் ஃபிலிம்ல அந்தப் பேட்ஜ் விழுந்திருக்குமே, அது போதாதா நிச்சயத்துக்கு? தெரிஞ்சே ஒரு வாரம் உக்கார வச்சிருக்கீங்க. தினம் காலையில போறப்ப, என்னம்மா படிச்சியான்னு வேற கேட்டீங்க." குரல் உயரவே இல்லை. "உங்களை ஏன் படிப்புல இருந்து அனுப்பிச்சாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"அப்ப அவங்க தப்பிச்சாங்க" என்று சொல்லிவிட்டு ஃபிலிமைச் சுருட்டாமல், நீளமாகப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன்.

புதன் சார் ஒன்பது மணிக்கு வந்தார். கெட்டவர் இல்லை. ஓயாத பேருந்துப் பயணத்தில் பாதி உயிர் போன மனிதர். கைக்குட்டையைக் கழுத்தில் செருகியபடியே நடப்பார். பரிந்துரைக் கடிதத்தை அடித்து எடுத்து வந்திருந்தார், கையெழுத்து மட்டும் பாக்கி. அவள் கடிதத்தைப் பார்க்காமல் ஃபிலிமை நீட்டினாள். அவர் அதை விளக்குப் பெட்டியில் செருகினார். முதலில் ஒரு வாத்தியாரின் முகம் வந்தது. "அட, எவ்வளவு கூர்மையா இருக்கு. இது எங்க எடுத்த..." நிறுத்தினார். ஆணியைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஆணியை அடித்தது அவர்தான். அறிக்கைகளின் பின்பக்கத்தை நான் வரிசையாக வைத்தேன். ஒன்றை மட்டும் பார்த்தார், மற்றவற்றை மூடிவிட்டார். தகடு மாறியதற்கு அனுமதி கேட்டு வந்த கோப்பு தன்னிடம்தான் இருக்கிறது என்றார், ஒரு வருடமாக, பார்க்க நேரமில்லாமல். பிறகு ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார்.

"மில்லிசீவர்ட் கணக்குல வெளியாளுக்கு வருஷத்துக்கு ஒண்ணு வரைக்கும்தான் அனுமதி. உனக்கு நாலு வந்திருக்கும்மா. எங்களை மாதிரி வேலை செய்றவங்களுக்கு இருபது வரைக்கும் இருக்கு. அதனால நாலுனால ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா ஏன் சார் ஒண்ணுன்னு வச்சாங்க?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சாத்திய கதவைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் இன்னிக்கே மேல எழுதிடறேன். எழுதணும். எழுதினா எக்ஸ்ரே அறைக்குச் சீல் வைப்பாங்க, விசாரணை வரும். விசாரணை நடக்கிற ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை இடம் கிடையாது, அது விதி. இந்தக் கடிதம் வெறும் காகிதம். இல்லன்னா ஒண்ணு. கையெழுத்து போட்டுத் தர்றேன். எட்டு வாரத்துல நீ சேர்ந்துடுவே. சேர்ந்த மறுநாள் நான் எழுதறேன். என்னைப் பத்தியும் சேர்த்தேதான் எழுதறேன்." பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "நீயே சொல்லும்மா. எனக்குச் சொல்ற தகுதி இல்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் கேட்பதற்கு அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

"நீங்க என்ன செய்வீங்க?"

"நான் ஏற்கெனவே விட்டுட்டு வந்தவன். என்னைக் கேட்டா?"

"ஆமா, தெரியாம கேட்டுட்டேன்."

நாற்காலியைத் தள்ளிப் போடலாம் என்றேன். கணினியின் கம்பி அந்தச் சுவரில்தான், ஜன்னல் இந்தப் பக்கம்தான், தள்ளிப் போட்டால் முதல் நாளே ஏன் என்று கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்றாள். ஏற்கெனவே யோசித்துவிட்டாள் என்று தெரிந்தது. புதன் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஈய ஏப்ரன். எக்ஸ்ரே அறையில ரெண்டு இருக்கு. ஒண்ணை எடுத்து நாற்காலி முதுகுல போட்டுக்க, மேல உன் சால்வையைப் போட்டு மூடிடு. முதுகுவலின்னு சொல்லிக்க. உனக்கு வர்றது அதுல அனேகமா நின்னுடும்."

அவள் விளக்குப் பெட்டியைப் பார்த்தாள். பின்னால் வெளிச்சம் எரிய, அதில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இவள் மூச்சு விட்டாள். படத்திலிருந்தவளுக்கு அந்தத் தேவை இல்லை.

"எட்டு வாரந்தானே" என்றாள். "போடுங்க சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஃபிலிமை எடுத்துக்கொள்ளட்டுமா என்று யாரையும் கேட்காமல் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பேட்ஜைத் தானே வந்து ஆணியிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எக்ஸ்ரேக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான்தான் ஏப்ரனை எடுத்து வந்தேன். அவள் கேட்டாள், செய்தேன். அவளுக்கு நான் பட்டிருந்த கடன் அது என்று நினைத்துக்கொண்டேன். செத்த ஆளைத் தூக்குகிற மாதிரி கனத்தது, கையில் நிற்காமல் வழுக்கியது. நாற்காலி முதுகில் போட்டதும் நாற்காலியே பின்பக்கமாகச் சாய்ந்தது. மேசையோடு சேர்த்துக் கட்டினோம். அவள் சால்வையைப் போர்த்திவிட்டு உட்கார்ந்தாள். முன்னும் பின்னும் அசைந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாரோ பின்னாடி உக்காந்து தாங்கிக்கிட்ட மாதிரி." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "போய்த் தூங்குங்க."

ஜன்னலில் முதல் ஆள் சீட்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

வெளியே போகும் வழி எக்ஸ்ரே அறையைத் தாண்டித்தான். கதவு முக்கால்வாசி திறந்திருந்தது. தகட்டின் முன்னால் ஒரு மனிதர் நின்றிருந்தார். நின்றிருந்தார் என்று சொல்லமுடியாது. காலில் வலுவில்லை. சட்டையைக் கழற்றியிருந்தார்கள், முதுகில் எலும்புதான் இருந்தது. அவர் மனைவி அவருடைய இடுப்பைச் சுற்றி இரண்டு கைகளையும் போட்டு, கன்னத்தை அவர் தோளில் அழுத்தி, தகட்டோடு சேர்த்து அவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வயதான பெண் இல்லை, நாற்பது இருக்கலாம். எக்ஸ்ரேக்காரர் கதவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஓர் ஏப்ரன் அவர் உடம்பிலேயே இருந்தது.

"இன்னொண்ணு இங்கதானே மாட்டி வச்சேன்" என்றார், பொதுவாக அறையைப் பார்த்து.

"சீக்கிரம் எடுத்துடுங்கய்யா, இவரால நிக்க முடியல" என்றாள் அந்தப் பெண்.

அவர் இன்னும் ஒருமுறை கதவுக்குப் பின்னால் பார்த்தார். கொக்கிகள் இரண்டும் காலியாக இருந்தன. "சரிம்மா, ஒரே ஒரு படம்தான். ஒண்ணும் ஆகாது" என்று இயந்திரத்தின் விளக்கைப் போட்டார். கதவு மேலிருந்த சிவப்பு விளக்கும் எரிந்தது. கதவைச் சாத்தத் திரும்பியவர் என்னைப் பார்த்து, "என்ன ராத்திரி, இன்னும் போகலயா?" என்றார். என் கை கதவின் விளிம்பில் இருந்தது. எப்போது அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அவர் இழுத்தார், கதவு அசையவில்லை. உள்ளே இருட்டில், மஞ்சள் வெளிச்சத்தின் சதுரம் அந்த மனிதர் முதுகில் விழுந்திருந்தது. அதன் நடுவில் குறி காட்டும் நிழற்சிலுவை அவர் தண்டுவடத்தின்மேல் இறங்கி, கீழே, அவரைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரலில் பாதி விழுந்து நின்றது.